பள்ளத்துக் காட்டின் மழைக்கணக்கு

சென்ற மாதம் எங்கள் பழைய ஆராய்ச்சி நிலையத்தில் தானியங்கி மழைமானி பொருத்தினார்கள். ஓய்வு பெற்றவன் என்ற மரியாதைக்காக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். துளி விழுந்தால் எண் தானாகவே நிலையத்துக்குப் போய்விடுமாம். டீ குடிக்கும்போது, புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கேட்டாள்: "சார், உங்க காலத்துல ரீடிங் தப்புன்னு எப்படி சார் கண்டுபிடிப்பீங்க?"

"நாக்கால" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதையும் அல்ல அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் வேதியியல் படித்துவிட்டு வேலைக்கு அலைந்தேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் பஞ்சாலைச் சாயப் பட்டறையைக் காட்டினார்கள். எனக்கு நாலு சுவருக்குள் உட்கார முடியாது. மண்ணையும் நீரையும் காக்கும் திட்டத்தில் ஆராய்ச்சி உதவியாளர் வேலை என்று விளம்பரம் வந்ததும், அது என்ன வேலை என்று தெரியாமலேயே மனுப் போட்டேன். பயிற்சி என்று ஊட்டியில் கொஞ்ச காலம் குளிரில் நடுங்கினோம். மண் அள்ளினோம், சரிவு அளந்தோம், படம் வரைந்தோம். பிறகு தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலை தொடங்கும் இடத்தில், ஓட்டுக்கூரை போட்ட ஒரு கொட்டகைக்கு என்னை அனுப்பினார்கள். அங்கேதான் வேங்கடபதி சாரைப் பார்த்தேன்.

அவர் ஆராய்ச்சி அலுவலர். கோயமுத்தூர்க்காரர், வீட்டில் தெலுங்கு. எங்களிடம் தமிழ்தான் பேசுவார், ஆனால் அளவு எடுக்கும்போது மட்டும் உதட்டுக்குள் தெலுங்கில் எண்ணுவார். அந்த முணுமுணுப்பு கேட்டால் யாரும் பேசக் கூடாது. நிலக்கடலை தின்றுகொண்டே இருப்பார், தோலைக் கீழே போடமாட்டார், சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கோபம் வந்தால் குரல் உயராது. "சண்முகம், மறுக்கா பாருப்பா" என்று என்னிடம் சொல்வார். அவ்வளவுதான். ஒரே காலையில் அந்த வார்த்தையை ஐந்தாறு முறை கேட்டால் மனிதனுக்குப் பைத்தியம் பிடிக்கும்.

மழைமானி என்றால் பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை. தரையில் பதித்த ஓர் உருளை, அதன் வாயில் பித்தளை விளிம்பு வைத்த புனல், உள்ளே ஒரு புட்டி. தினமும் காலை எட்டரை மணிக்குப் புட்டியை எடுத்து, அளவு கண்ணாடியில் ஊற்றி, மழையைப் படிக்க வேண்டும். கண்ணாடியில் தண்ணீர் ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்து நிற்கும். குழிவின் அடியைத்தான் படிக்க வேண்டும். கண் அதே மட்டத்தில் இருக்க வேண்டும். அதற்காக வேங்கடபதி சார் வெள்ளைச் சட்டையோடு ஈர மண்ணில் முட்டி போடுவார். நின்றுகொண்டு குனிந்து பார்த்தால் எண் மாறிவிடும் என்பது நிஜம். அவர் முட்டி போட்டிருக்கும்போது நாம் நிற்க முடியாது என்பதும் நிஜம். எனக்கு அப்போது இருந்தது இரண்டே கால்சட்டை.

மழை வரும் வழியை மானி அளந்தால், தண்ணீர் போகும் வழியைத் தடுப்பு அளக்கும். எங்கள் ஊர்ப்பக்கம் ஓடையைப் பள்ளம் என்போம். பள்ளத்தின் குறுக்கே ஒரு சுவர், சுவரில் முக்கோணமாக ஒரு வெட்டு, தண்ணீர் முழுவதும் அந்த வெட்டு வழியாகத்தான் விழ வேண்டும். வெட்டில் எவ்வளவு உயரம் ஓடுகிறது என்று பார்த்தால் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று கணக்குப் போடலாம். வந்த மழையில் போன தண்ணீரைக் கழித்தால் மிச்சம் என்ன? மண் பிடித்து வைத்ததும், மரம் குடித்ததும், வெயில் கொண்டு போனதும். இதுதான் மொத்த வேலை. நாலு வரியில் சொல்லிவிட்டேன். இதைச் சரியாகச் செய்ய ஒரு ஆயுள் போதாது.

எங்கள் பொறுப்பில் இரண்டு பள்ளங்கள். பக்கத்துப் பக்கத்தில், ஏறக்குறைய ஒரே அளவு. வடக்குப் பள்ளத்தின் தலைமாட்டில் சில ஆண்டுகளுக்கு முன்பே காட்டை வெட்டித் தைலமரம் வைத்துவிட்டார்கள். தெற்குப் பள்ளத்தில் பழைய காடு அப்படியே இருந்தது. நாவல், நீர்மத்தி, ஈட்டி, அடியில் மூங்கில், பாறை இடுக்கெல்லாம் வேர். அதையும் வெட்டித் தைலமரம் வைப்பதாகத் திட்டம். அதை நடத்திய மரத்தோட்டப் பிரிவு அதிகாரி ஜெயராமன். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். "கோயமுத்தூர் முழுக்க அடுப்பெரியணும், ஆலை ஓடணும். உங்க நாவப்பழத்தை எரிச்சா கொதி வருமா?" என்று கேட்பார். கேள்வி நியாயமானதுதான்.

பழைய காடு தண்ணீரைக் காக்கிறதா, குடிக்கிறதா என்று சொல்லுங்கள் என்று மேலிடம் எங்களைக் கேட்டிருந்தது. மழைக்காலம் முடிந்ததும் மெட்ராஸிலிருந்து தலைமை அதிகாரி நேரில் வருவார். எங்கள் கணக்கைப் பார்த்துவிட்டு, வெட்டுவதா விடுவதா என்று அங்கேயே முடிவு சொல்வார். அவர் வருவதற்கு முன்பே மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர் ஆட்கள் மலைச்சரிவில் சாளைக் குடிசை போட்டு அடுப்பு மூட்டிவிட்டார்கள்.

தெற்குப் பள்ளத்தின் தண்ணீரை நம்பியிருந்த முதல் நிலம் நாச்சாத்தாளுடையது. நாற்பது வயதுக்காரி. கணவர் பவானிப் பக்கம் ஜமக்காள வியாபாரம் என்று பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். தோட்டம், ஆள், மாடு எல்லாம் இந்தம்மாதான். எங்கள் கீழ் மழைமானி அவருடைய வரப்பு ஓரத்தில்தான் இருந்தது, சுற்றிலும் முள்வேலியோடு. மேல் மானி காட்டுக்குள்ளே.

"ஏனுங் தம்பி, தெனைக்கும் வந்து இந்தப் புட்டியத் தொட்டுக் கும்புட்டுட்டுப் போறீங்களே, இது என்ன சாமிங்க?" என்பார்.

"மழை அளக்கற சாமிங்க்கா."

"அளந்தா எச்சாப் பேயுமாக்கும்?"

"அளந்தா காடு நிக்குமா போகுமான்னு தெரியுங்க."

அந்த ஆண்டு பஞ்சாயத்துச் சுவரில் மரம் நடு விழாவுக்காகப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள், மரம் இருந்தால் மழை வரும் என்று. நாச்சாத்தாளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். இந்த இரண்டையும் அவர் எப்படிச் சேர்த்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஐப்பசி மழை தொடங்கியது. ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிறகு தெற்குப் பள்ளத்துக் கணக்கு உதைக்க ஆரம்பித்தது. கீழ் மானியில் நல்ல மழை, ஆனால் தடுப்பில் தண்ணீர் அதற்கேற்ப ஏறவில்லை. மலையடிவாரத்தில் மழை ஒரு வரப்பில் பெய்து மறு வரப்பில் பெய்யாமல் போவது உண்டு. ஆகவே மேல் மானி குறைவாகக் காட்டியதை நான் பெரிதாக எடுக்கவில்லை. தடுப்பில்தான் கோளாறு, சுவருக்கு அடியில் எங்கேயோ கசிகிறது என்று முடிவு கட்டினேன். பெர்மாங்கனேட்டைக் கரைத்துச் சுவருக்கு மேல்புறம் ஊற்றிவிட்டு, கீழ்புறம் எங்காவது ஊதா நிறம் வருகிறதா என்று பாறை பாறையாகத் தவழ்ந்து பார்த்தேன். வெட்டு வழியாக மட்டும் அழகாக ஊதாத் தண்ணீர் விழுந்தது. நாச்சாத்தாளின் கத்தரிச் செடிக்கெல்லாம் ஊதாத் தண்ணீர் பாய்ந்து, அதற்கு வேறு திட்டு வாங்கினேன்.

இதற்கிடையில் இடைக்கால வரைபடம் ஒன்றை ஜெயராமன் பார்த்துவிட்டார். தைலமரப் பள்ளத்தில் மழைக்குத் தக்க தண்ணீர் வந்திருக்கிறது. பழைய காட்டுப் பள்ளத்தில் மழை அதிகம், தண்ணீர் குறைவு.

"சார், உங்க கணக்கே சொல்லுதே. பழைய காடுதான் குடிகாரன். நான் சொன்னா நம்பமாட்டீங்க" என்று சிரித்துக்கொண்டே போனார்.

வேங்கடபதி கடலையை நிறுத்திவிட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி போற எடத்தையே தோண்டறியே சண்முகம். வர்ற எடத்தைப் பார்த்தியா?"

மறுநாள் காலை என்னோடு வந்தார். கீழ் மானியின் புட்டியைத் திறந்து, முட்டி போட்டு, தெலுங்கில் எண்ணி, அளவைச் சொன்னார். பிறகு, நான் அதற்கு முன் பார்த்திராத ஒன்றைச் செய்தார். கண்ணாடியிலிருந்து ஒரு வாய் குடித்தார்.

"நீயும் குடி."

குடித்தேன். லேசாகக் கரித்தது. மழைத் தண்ணீருக்கு ருசியே கிடையாது. இது எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர், சந்தேகமே இல்லை.

என் படிப்புக்கு அன்றைக்குத்தான் வேலை வந்தது. நாக்கை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்று சொல்லி, மேல் மானியின் தண்ணீரையும் இதையும் தனித்தனிக் கிண்ணத்தில் ஸ்டவ்வில் வைத்துச் சுண்டக் காய்ச்சினேன். மேல் மானிக் கிண்ணம் சுத்தமாகக் காய்ந்தது. கீழ் மானிக் கிண்ணத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு வளையம் படிந்து நின்றது. வானத்தில் சுண்ணாம்பு இல்லை.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நேரே நாச்சாத்தாள் தோட்டத்துக்குப் போனோம். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தார். சார் கிண்ணத்தை நீட்டினார். அந்தம்மா கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முந்தானையில் கையைத் துடைத்தார்.

"ஆமாங்க. நாந்தான் ஊத்துனனுங்க" என்றார். "வேலிக்கு வெளிய நின்னு எட்டி ஊத்தறதுதானுங்க. எச்சாவெல்லாம் இல்லீங்க, கொஞ்சூண்டு."

"மழை பெய்யாத அன்னைக்கும் ஊத்துனீங்களாம்மணி?" என்றார் சார்.

"பேயாத அன்னைக்கு ஊத்தறதுக்கு நான் என்ன கூமுட்டைங்களா? பேஞ்ச அன்னைக்கு மட்டுந்தானுங்க, கூடக் கொஞ்சம்."

"எதுக்குங்க?"

"காடு இருந்தா மழை வரும்னு நீங்கதானுங்க செவுத்துல எழுதி வெச்சிருக்கீங்க. இங்க மழை கம்மின்னு புட்டியில வந்தா, காட்டை வெட்டிப்போடச் சொல்லீருவாங்கல்லங்க? அதுதான் நம்மாலான ஒத்தாசைன்னு செஞ்சுபோட்டேன்."

சார் ஒரு காகிதத்தை எடுத்து, மழை, ஓட்டம், கழித்தல் என்று கோடு கிழித்து விளக்க ஆரம்பித்தார். அந்தம்மா மரியாதைக்காகத் தலையை ஆட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, மாட்டுக்கு ரெண்டு படி பருத்திக்கொட்டை வெக்கறீங்க. கணக்குல நாலு படின்னு எழுதறீங்க. பால் ரெண்டு படிக்குத்தான கறக்கும்? எழுதுனதைப் பார்க்கறவன் மாட்டைப் பத்தி என்னங்க சொல்லுவான்?"

"தின்னுபோட்டுப் பால் குடுக்காத மாடு, தள்ளி உடுங்கன்னு…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். கை கொட்டையிலேயே கிடந்தது. "அட சாமி! அப்ப என்ற மாட்டை நானே அடிமாட்டுக்கு எழுதிக் குடுத்துட்டனாங்க?"

அதைவிடத் தெளிவாக நீரியல் பாடத்தை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

எந்தெந்த நாள் ஊற்றினார் என்று கேட்டோம். சந்தைக்குப் போன நாள் இல்லை, ஒறம்பரை என்று விருந்தாளிகள் வந்த நாள் இல்லை, மற்றபடி நினைப்பு வந்த நாளெல்லாம் என்றார். நான் உடனே கணக்கில் இறங்கினேன். ஓட்டத்தோடு ஒத்துப்போகாத நாட்களை மட்டும் எடுத்துவிட்டால் மிச்சம் அருமையாக இருந்தது. பழைய காடு தைலமரத்தை ஜெயித்துவிட்டது.

"சார், இது நமக்குச் சாதகமா வருதுங்க" என்றேன்.

"நமக்கா? நாம எப்பப்பா கட்சியில சேர்ந்தோம்?" என்றார். "நமக்குப் புடிக்காத நாளை எடுத்துட்டா புடிச்சதுதான் மிஞ்சும். அந்த மானியில இந்த மழைக்காலம் மொத்தமும் வேண்டாம்."

மொத்தமும் எடுத்துவிட்டு, மேல் மானியை மட்டும் வைத்துப் போட்டால் இரண்டு பள்ளங்களுக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. முடிவு சொல்ல ஒன்றும் இல்லை. தலைமை அதிகாரி வரப்போகிறார், எங்கள் கையில் ஒன்றும் இல்லை. நாச்சாத்தாளை வந்து சாட்சி சொல்லச் சொல்லலாமா என்றேன்.

"அரசாங்கக் கருவியில கை வெச்சேன்னு அந்தம்மா வாயால சொல்ல வெக்கணுமா? கேசு போட்டா யார் போய் நிப்பா? நீ அந்தப் பக்கமே போகாதே."

நான் அவரோடு அன்று முழுக்கப் பேசவில்லை. காடு போனால் அந்தம்மா நிலமும் போகும், வழக்குக்கு மட்டும் பயப்படுகிறாரே என்று எனக்கு ஆத்திரம். அவரும் என்னைச் சமாதானம் செய்யவில்லை.

மார்கழிப் பனி விலகும் நேரத்தில் தலைமை அதிகாரி தடுப்புச் சுவர் அருகே வந்து நின்றார். ஜெயராமன் வரைபடத்தை விரித்தார். வேங்கடபதி, கீழ் மானியின் அளவு செல்லாது, வெளித் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார். எங்கள் கிண்ணத்தையும் காட்டினார்.

"கிண்ணத்துல சுண்ணாம்பு எப்படி வேணாலும் வரும்" என்றார் ஜெயராமன். "சார், கணக்கு தனக்கு எதிரா வந்ததும் அழிச்சுட்டு மறுபடி எழுதறதுக்குப் பேர் ஆராய்ச்சியா? ஊத்துனது யாரு? பேர் சொல்லட்டும்."

வேங்கடபதி வாயைத் திறக்கவில்லை. தலைமை அதிகாரியின் முகத்தில் சலிப்பு வந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது பள்ளத்தின் கீழிருந்து, சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகியபடி, தண்ணீருக்குள்ளேயே நடந்து நாச்சாத்தாள் வந்தார். கையில் ஒரு பித்தளைச் செம்பு.

"நாந்தானுங்க ஊத்துனது. இதுலதானுங்க" என்று செம்பைச் சுவர்மேல் வைத்தார்.

"யாரும்மா நீங்க?" என்றார் தலைமை அதிகாரி.

"அக்கட்டால இருக்கற தோட்டமுங்க. இவங்க ரெண்டு பேரும் சொல்லிக் குடுத்து வரலீங்க. வரவேண்டாம்னுதான் அந்தத் தம்பி என்ற மூஞ்சியக்கூடப் பார்க்காமத் திரிஞ்சுதுங்க."

"அரசாங்கக் கருவியில கை வெச்சா தண்டனை உண்டு, தெரியுமா?" என்றார் ஜெயராமன்.

"தண்டம் போடுங்க, கட்டிப்போடறனுங்க. இந்தப் பள்ளம் காஞ்சுதுன்னா நான் எத வித்துக் கட்டறதுங்க?"

தலைமை அதிகாரி வேங்கடபதியிடம் திரும்பினார். "சரி, அந்த அளவை விட்டுடுவோம். உங்க அபிப்பிராயம் என்ன? இந்தக் காடு தண்ணியைக் காக்குதா, குடிக்குதா?"

காக்கிறது என்று ஒரு வார்த்தை. நாங்கள் எல்லோரும் அதற்காகத்தான் காத்திருந்தோம். அவருடைய நம்பிக்கையும் அதுதான் என்று எனக்குத் தெரியும்.

"தெரியாதுங்க" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. ஜெயராமன் வரைபடத்தைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"இத்தனை நாள் அளந்தும் தெரியாதா?"

"இன்னும் தெரியாதுங்க. தைலமரம் அடுத்த வருசமும் வெக்கலாம், அதுக்கடுத்த வருசமும் வெக்கலாம். இதை வெட்டிப்போட்டா அப்புறம் எப்பவுமே தெரியாதுங்க. இந்தப் பக்கத்துல ஒப்பிட்டுப் பார்க்க வேற பள்ளம் இல்லீங்க."

தலைமை அதிகாரி மேலே காட்டைப் பார்த்தார். சாளைப் புகை மரங்களுக்குள் நீலமாக நின்றது. ஜெயராமனிடம், வேறு சரிவில் இலக்கை முடித்துக்கொள்ளுங்கள், தெற்குப் பள்ளத்தில் அளவு முடியும்வரை கோடாரி போகக் கூடாது என்றார். நாச்சாத்தாளின் பெயரை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலமே ஒப்பந்தக்காரர் ஆட்கள் சாளையைப் பிரித்து, தட்டுமுட்டுகளைச் சுமந்துகொண்டு வரப்பு வழியாக இறங்கினார்கள்.

அவர்கள் போவதைப் பார்த்தபடியே நாச்சாத்தாள் கேட்டார்: "ஏனுங்க ஆப்பீசரய்யா, அப்ப காடு தண்ணி குடுக்குதுங்களா, இல்லீங்களா?"

"தெரியலீங்கம்மணி."

"தெரியாமயே நிறுத்திப்போட்டீங்களா?"

"தெரியாததாலதாங்க நின்னுது."

"நல்ல ஆப்பீசுங்க உங்களுது" என்று சொல்லிவிட்டுச் செம்பை எடுத்துக்கொண்டு மடை திருப்பப் போனார்.

அடுத்த கோடையில் தெற்குப் பள்ளம் வற்றவில்லை. மெலிந்தாலும் வெட்டு வழியாக ஓடிக்கொண்டே இருந்தது. வடக்குப் பள்ளத்தில் பாறை தெரிந்தது. நான் கொட்டகைக்கு ஓடி, பழைய காடு கோடை ஓட்டத்தைக் காக்கிறது என்பது நிரூபணமாயிற்று என்று ஆண்டறிக்கையில் ஒரு வாக்கியம் எழுதி அவர் முன் வைத்தேன். கடலையை மென்றபடி இரண்டு முறை படித்தார். சித்திரையில் தெற்குச் சரிவில் மட்டும் ஒரு நல்ல மழை பெய்ததே, அதை எங்கே சேர்த்தாய் என்று கேட்டார். பிறகு பென்சிலை எடுத்து, அந்த வாக்கியத்தின் குறுக்கே நிதானமாகக் கோடு இழுத்தார்.

எனக்கு முகம் விழுந்துவிட்டது போலிருக்கிறது.

"எதுக்குப்பா அவசரம்?" என்றார். "காடு அங்கயேதான நிக்குது. அடுத்த வருசமும் அளக்கலாம்."